டெல்வன்னி குலத்துக்கு விரிவாக்க மாட்: மோரோவிண்டா, ஸ்கைரிமா?

2002-இல் வெளிவந்த மோரோவிண்ட் என்ற கணினி விளையாட்டில் டெல்வன்னி குலத்தில் சேர்ந்து, படிப்படியாகப் பதவி உயர்ந்து, கடைசியில் தலைவர் கோத்ரெனைக் கொன்று ஆர்ச்மேஜிஸ்டர் (குலத்தின் தலைவர்) ஆகிறவருக்கு, அதன் பிறகு செய்வதற்கு அநேகமாக எதுவும் இருப்பதில்லை. வலிமை உள்ளவனே நியாயம் உள்ளவன் என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கும் ஒரு மந்திரவாதிக் குலத்தில், தலைவரைக் கொன்று தலைமைக்கு வந்த ஒருவரை மற்றவர்கள் எப்படி நடத்துவார்கள், எவ்வளவு நாள் விட்டுவைப்பார்கள் என்ற கேள்வியை மூல விளையாட்டு தொடவே இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு விரிவாக்க மாட் (ரசிகர்கள் விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்ய வேண்டும் என்று நண்பர்கள் நால்வர் தீர்மானித்தபோது, அதை மோரோவிண்டின் மேலேயே கட்டுவதா, அதே தொடரில் இரண்டு நூற்றாண்டுக்குப் பிந்தைய காலத்தில் நடக்கும் ஸ்கைரிமின் மேல் கட்டுவதா என்பதுதான் முதலில் எழுந்த விவாதம். இரண்டிலும் ஒரே குவெஸ்டை (கதைப் பணியை) உருவாக்கிப் பார்த்த பிறகு மோரோவிண்டைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களில் ஸ்கைரிம் முன்னால் நிற்கிறது. 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64-பிட் நிரல் என்பதால் நினைவகத் தட்டுப்பாடு பெரிதாக இல்லை. காட்சி அழகு பற்றி ஒப்பிடவே வேண்டியதில்லை. அதை இன்று விளையாடுபவர்களும் மிக அதிகம். ஸ்கைரிமின் கதாபாத்திரங்கள் காலையில் எழுந்து, வேலை செய்து, இரவில் உறங்கப் போகிறார்கள். மோரோவிண்டின் கடைக்காரர் நள்ளிரவிலும் அதே மேசைக்குப் பின்னால் நிற்கிறார். இவை மட்டுமே அளவுகோல் என்றால் விவாதம் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

குலத்தின் இயல்போடு எது பொருந்துகிறது என்று பார்த்தால் தராசு சற்று மறுபக்கம் சாய்கிறது. டெல்வன்னியரின் காளான் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டு கிடையாது. மிதக்கும் மந்திரம் தெரியாதவருக்கு மேலே இருப்பவரைச் சந்திக்கத் தகுதி இல்லை என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது. ஸ்கைரிமில் அந்த மந்திரமே இல்லை; டிராகன்பார்ன் விரிவாக்கத்தில் சோல்ஸ்தைம் தீவின் டெல் மித்ரினில் வாழும் டெல்வன்னி பிரபு நெலோத்தின் கோபுரத்துக்கு, ஆளைத் தானாகவே மேலே தூக்கிச் செல்லும் ஓர் ஏற்பாட்டைச் செய்து சமாளித்திருக்கிறார்கள். பதவி உயர்வுக்கு இத்தனை மந்திரத் திறன், இத்தனை அறிவுத்திறன் வேண்டும் என்ற நிபந்தனையும் மோரோவிண்டின் குல அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்கைரிமில் அதை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். அதைவிட, சாத்ரித் மோரா, டெல் அருன், டெல் பிரானோரா, டெல் வோஸ் ஆகிய டெல்வன்னி ஊர்கள் எல்லாம் மோரோவிண்டில் ஏற்கெனவே நிற்கின்றன. ஒரு விளையாட்டின் கட்டடக் கோப்புகளை எடுத்து இன்னொன்றில் போடுவதற்கு உரிமையாளரின் அனுமதி இல்லாததால், ஸ்கைரிமில் அவற்றைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் இவை எதுவும் எங்கள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. திறமையான வடிவமைப்பாளர் இருவர் கிடைத்தால் கட்டடப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீர்மானித்தது உரையாடலைத் திருத்துவதற்கு ஆகும் உழைப்பு. ஒரு குலத்தைப் பற்றிய மாட் என்பது பெரும்பாலும் பேச்சுதான். டெல்வன்னி போன்ற குலத்துக்கு இது இருமடங்கு உண்மை. இந்தக் குலத்தின் பிரபுக்கள் சபைக்கு நேரில் வருவதில்லை. ‘வாய்’ என்று அழைக்கப்படும் பிரதிநிதிகளை அனுப்பி, அவர்கள் மூலமாகவே மிரட்டுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். மோரோவிண்டில் அநேகமாக யாரை வேண்டுமானாலும் விளையாடுபவர் எப்போது வேண்டுமானாலும் கொன்றுவிட முடியும். மந்திரவாதிகள் சங்கத்தின் தலைவர் டிரெபோனியஸ், டெல்வன்னி சபையினர் அத்தனை பேரையும் கொல்லுமாறு ஒரு கட்டத்தில் கட்டளையே இடுகிறார். ஆகவே எங்கள் கதை தொடங்கும்போது சபையில் மிஞ்சும் நெலோத், தெரானா, டிராத்தா, ஆரியோன் ஆகிய நால்வரில் யார் உயிரோடு இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உயிரோடு, இறந்து என்ற இரண்டு நிலைகளை நால்வருக்கும் வைத்துப் பெருக்கினால் 16 விதமான சபைகள் வருகின்றன. க்னிசிஸில் தனியாக வாழும் பலாதாஸை விளையாடுபவர் சபைக்கு அழைத்து வந்திருந்தால் அது இன்னும் கூடும். இத்தனை நிலைகளிலும் பிசகாமல் பொருந்தும் உரையாடலை முதல் முறையே சரியாக எழுதிவிட முடியாது. எழுதி, விளையாடிப் பார்த்து, மாற்றி, மறுபடியும் விளையாடிப் பார்த்துத்தான் அது ஒழுங்குக்கு வரும்.

மோரோவிண்டில் அநேகமாக வாழ்த்துச் சொற்களுக்கும் சண்டைக் கூச்சல்களுக்கும் மட்டுமே குரல் உண்டு, மற்றவை எழுத்து. புதிதாக ஒரு டன்மெர் (இருள் எல்ஃப் இனத்து) கதாபாத்திரத்தைச் சேர்த்தால், அதன் இனத்துக்கும் பாலினத்துக்கும் உரிய வாழ்த்துக் குரல் தானாகவே கிடைத்துவிடும். நாம் எழுத வேண்டியது உரையாடல் வரியையும், அது எப்போது தோன்ற வேண்டும் என்ற நிபந்தனையையும்தான்: எந்தக் குலம், எந்தப் பதவி, எந்த ஊர், கதை எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் குறிப்பேட்டின் எண் எவ்வளவு, இன்னார் இறந்துவிட்டாரா என்று. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, முதலில் பொருந்தும் வரியை விளையாட்டு எடுத்துக்கொள்கிறது. நெலோத் இறந்திருந்தால் சொல்ல வேண்டிய வரியை எழுதி, நெலோத் உயிரோடு இருக்கும்போது சொல்லும் வரிக்கு மேலே வைத்தால் வேலை முடிந்தது.

ஸ்கைரிமில் ஒவ்வொரு வரிக்கும் குரல் இருக்கிறது. அதன் எடிட்டரில் ஒரு வரி 150 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், நீண்ட பேச்சு பல துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஒலிக்கோப்பும் உதட்டசைவுக் கோப்பும் தேவைப்படுகின்றன. டெல் அருனின் அடிமைச் சந்தையை மூடுவதா வேண்டாமா என்று இரண்டு ‘வாய்’கள் ஆர்ச்மேஜிஸ்டர் முன்னால் வாதிடும் காட்சி ஒன்றை இரண்டு விளையாட்டுகளுக்கும் எழுதினோம். மோரோவிண்டில் 38 வரிகள். ஸ்கைரிமில் அது 61 ஒலிக்கோப்புகள் ஆயிற்று. சோதித்துப் பார்த்த நண்பர்கள், தெரானாவின் பிரதிநிதி எந்தப் பக்கம் பேசுகிறார் என்பது புரியவில்லை என்றார்கள். மோரோவிண்டில் அதை ஓர் இரவில் திருத்திவிட்டேன். ஸ்கைரிமில் 14 கோப்புகளை மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் குரல் கொடுத்தவர் வீடு மாறியிருந்தார், அறையின் எதிரொலியும் மைக்கும் வேறு, புதிய வரிகள் பழையவற்றோடு ஒட்டவே இல்லை. அவர் மனமுவந்து முழுப் பாத்திரத்தையும் திரும்பப் பேசிக் கொடுத்தார். ஊதியம் வாங்காமல் உதவும் ஒருவரிடம் இரண்டாவது முறையும் அதைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை, அவர் எப்போதும் கிடைப்பார் என்று நம்பி ஐந்து வருட வேலையைத் திட்டமிடவும் முடியாது.

இதற்கு மாற்று வழிகள் உண்டு என்பார்கள். குரலில்லாத வரிகளையும் திரையில் நின்று காட்ட ஒரு துணை நிரல் இருக்கிறது. ஆனால் அது ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை (விளையாட்டின் நிரல் வசதிகளை விரிவாக்கும் ரசிகர் கருவியை) நம்பியிருக்கிறது, எக்ஸ்டெண்டரோ விளையாட்டின் பதிப்பு எண்ணை நம்பியிருக்கிறது. 2021 நவம்பரில் 1.6 பதிப்பு வந்தபோது எக்ஸ்டெண்டரைச் சார்ந்த நிரல்களில் பெரும்பாலானவற்றைப் புதுப்பிக்க வேண்டி வந்ததை அந்தக் காலத்தில் விளையாடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கன்சோல்களில் எக்ஸ்டெண்டரே இயங்காது. பிளேஸ்டேஷன் 4-இல் வெளியிலிருந்து ஒலிக்கோப்பு சேர்க்கவும் அனுமதி இல்லை. நடிகர்களின் குரலைக் கணினியைக் கொண்டு போலி செய்யும் வழியை, உரியவரின் ஒப்புதல் இல்லாமல் தொடுவதில்லை என்று நால்வரும் ஒருமனதாக விலக்கிவிட்டோம். ஏற்கெனவே உள்ள குரல்களிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டுவது மிக நுட்பமான கலை, அதைச் செய்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் 16 விதமான சபைகளுக்கு அது போதாது.

மோரோவிண்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அதன் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற எடிட்டர் மிகப் பழையது. தவறுதலாகத் தொட்ட பொருளையும் நம் கோப்பில் சேர்த்துவிடும், அதைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். பிழைச் செய்திகள் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. ஒரே உரையாடல் தலைப்பில் இன்னொரு மாட் வரிகள் சேர்த்திருந்தால், வரிசை மாறி எங்கள் வரி மறைந்துபோகலாம். இதற்காகத் தலைப்புகளுக்கு வேறு யாரும் வைக்காத பெயர்களை வைக்கிறோம். எழுத்துக்கும் எல்லை இருக்கிறது, ஒரு பதிலுக்கு 512 எழுத்து. ஆனால் அந்த எல்லைக்குள் ஒரு பிரபுவின் ஆணவத்தை முழுமையாகக் காட்டிவிட முடிகிறது.

இன்னொன்று: நாங்கள் ஸ்கைரிமில் முடித்தது ஒரே ஒரு குவெஸ்ட். நல்ல ஒலிப்பதிவு வசதியும் நிலையான நடிகர் குழுவும் உள்ளவர்களின் அனுபவம் வேறாக இருக்கக்கூடும். மோரோவிண்டை இயக்க ரசிகர்கள் புதிதாக எழுதிய ஓப்பன்எம்டபிள்யூ இயங்குதளத்தில் எங்கள் கோப்பு ஓடுகிறது என்பது வரை சோதித்திருக்கிறோம். அதன் லுவா நிரல்மொழி வசதிகளைத் தொட்டதில்லை, அதனால் அவற்றை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் திட்டம் உருவாக்கியிருக்கும் பெருநிலத்தின் டெல்வன்னிப் பகுதிகளையும் கதைக்குள் இழுக்கலாமா என்று மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது. நிலப்பரப்பு அருமையானது, ஆனால் அவர்கள் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நாங்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும் என்பதால் இப்போதைக்கு மூல விளையாட்டு நடக்கும் வ்வார்டன்ஃபெல் தீவோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆறேழு பாத்திரங்களோடு, யாரும் இடையில் சாகாமல், நேர்கோட்டில் செல்லும் கதை உங்களுடையது என்றால், நெலோத்தை மையமாக வைத்து ஸ்கைரிமிலேயே செய்யுங்கள். டெல் மித்ரினும் அவருடைய பொறுமையின்மையும் அங்கே தயாராக இருக்கின்றன. அப்போதும் முழு உரையாடலையும் குரலில்லாமல் இரண்டு மூன்று முறை பிறரை விளையாட வைத்து, இனி ஒரு சொல்லும் மாறாது என்று உறுதியான பிறகே ஒலிப்பதிவுக்கு அனுப்புங்கள். எங்கள் மாடில் இப்போது சபையின் 16 நிலைகளில் ஒன்பதுக்கு வரிகள் முடிந்திருக்கின்றன. தெரானா மட்டும் உயிரோடு மிஞ்சும் நிலையை நான்காவது முறையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.