சுங்கை சிப்புட் டவுன் மீன் கடையில புசெ செடி வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

மீனுக்குன்னா இந்த கடைக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன், செடிக்குன்னா ரெண்டரைதான். கடை பேரு போடல, தவுக்கே, அதாவது கடை மொதலாளி, நல்ல மனுசன், வம்பு வேணாம். டேங்க் எல்லாம் சுத்தம், கப்பி, பைட்டர் எல்லாம் நல்லா துறுதுறுன்னு இருக்கு, மீன பத்தி அவ்ளோதான்.

விசயம் பின்னாடி செடி ட்ரேலதான். புசெபலண்ட்ரா, தொட்டி வைக்கிறவங்க புசென்னு சொல்ற செடி, உலகத்துலயே போர்னியோ தீவுல மட்டும்தான் இயற்கையா வளருது, சரவாக் பக்கம் ஆத்தோர பாறைய வேரால கெட்டியா புடிச்சிக்கிட்டு நிக்கும், வெள்ளம் வந்தா முழுகும், தண்ணி எறங்குனா மறுபடி வெளிய தலைகாட்டும். சேம்பு குடும்பம்தான், அதனால பூவும் குட்டி வெள்ளை மடலுக்குள்ள ஒரு குச்சி. 1858லயே பேரு வச்சிட்டாங்க, ஆனா 2014ல வோங் சின் யெங், பீட்டர் பாய்ஸ்னு ரெண்டு செடி ஆராய்ச்சியாளருங்க எழுதின பிறகுதான் கணக்கு 30 வகை பக்கம் வந்துச்சு, அதுல நெறைய வகை ஏதோ ஒரு ஆத்துலதான் இருக்கு, வேற எங்கயும் பார்த்ததில்ல. அந்த ஆத்துல ஒருத்தன் சாக்கு எடுத்துக்கிட்டு எறங்குனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. அழியுற செடி, விலங்க நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தத்தோட பட்டியல்ல காட்டு ஆர்கிட் எல்லாமே இருக்கு, புசெ இல்ல. ஆத்துக்கு மேல்பக்கம் காட்ட அழிச்சு செம்பனை போட்டா மண்ணு கரைஞ்சு வந்து பாறையையே மூடிடும், அது இன்னும் பெரிய ஆபத்து, ஆனா அதுக்கு தவுக்கேகிட்ட சண்ட போட முடியாதே.

ட்ரேல ரெண்டு விதமா வச்சிருக்காங்க, வித்தியாசம் எங்கயும் எழுதல. ஒன்னு மூடி போட்ட கப், உள்ள ஜெல்லு, எல நகத்தளவு, எல்லாம் ஒரே பச்சை, லேப்ல வளர்த்தது. இன்னொன்னு கொத்து கொத்தா, தண்டு வெரல் மொத்தம், எலையில பாசி, கிழிசல், வேர்ல இன்னும் பாறைத் துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. வேலை செய்ற தம்பிகிட்ட எங்கேருந்து வருதுன்னு கேட்டேன், “அண்ணே, இது காட்டு செடிண்ணே, அதான் ஸ்ட்ராங்கு, நெறைய பேரு இததான் கேக்குறாங்க”ன்னு பெருமையா சொல்றான். பையன் மேல கோவம் இல்ல, உள்ளத சொன்னான். ஆனா ஸ்ட்ராங்குங்கறது சரியில்ல, காட்டு செடி தொட்டி தண்ணிக்கு மாறும்போது எல கொட்டும், கூடவே நத்தையும் வரும்.

அதனால கப் வாங்குங்க. பார்க்க சின்னதா இருக்கும், வளர ரொம்ப லேட்டாகும், பொறுமை இல்லாதவங்க வேற செடி பாருங்க. ஜெல்ல நல்லா கழுவிட்டு கல்லுல நூல் போட்டு கட்டுங்க, இல்ல பசை போட்டு ஒட்டுங்க, தண்ட மண்ணுல பொதச்சா அழுகிடும். பசைய மட்டும் பக்கத்து ஹார்ட்வேர் கடையில வாங்கிக்குங்க, இங்க வெல ரொம்ப ஜாஸ்தி. ஞாயித்துக்கெழம மதியம் போகாதீங்க, கார் போட எடமே கெடைக்காது.