ஒட்டன்சத்திரத்தில் ஒரு கருப்பைவாய்ப் பரிசோதனை

நான் இருப்பது மெல்போர்னில். ஆஸ்திரேலியாவில் கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, 2017 டிசம்பரிலிருந்து பேப் ஸ்மியருக்குப் (கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்ப்பது) பதில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை, அதாவது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. 2022 ஜூலை முதல், விரும்புகிறவர்கள் பஞ்சுக் குச்சியால் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். ஊரில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது மதினியையும் சித்தியையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

பிபி, சுகர் பார்த்த கையோடு, "கர்ப்பப்பை வாய் டெஸ்டும் எடுத்துக்குங்கக்கா, காசு கிடையாது" என்றார் நர்ஸ். அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். லேப் வேண்டாம், முடிவு அங்கேயே. இந்த எளிய முறை உயிரைக் காக்கும் என்று காட்டியதே எங்கள் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-இல் இங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு சுமார் 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் பங்கெடுத்தவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. இந்தியா முழுவதற்கும் 2 சதவீதம்கூட இல்லை.

ஏன் என்பது அந்த அறை வாசலிலேயே புரிந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு திரைதான். வெளியே மாத்திரை வாங்க ஆண்கள் வரிசை. "நோவு ஒண்ணுமில்லாம எதுக்குடி காட்டணும்?" என்று சித்தி திரும்பிவிடப் பார்த்தார். நோவு வரும்வரை காத்திருந்தால் நோய் முற்றியிருக்கும் என்று நர்ஸ் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகுதான் உள்ளே போனார்.

சித்திக்கு ஒன்றுமில்லை. மதினிக்குத் திட்டு தெரிந்தது. "கேன்சர்னு அர்த்தமில்லை, திண்டுக்கல் போய் கருவி வச்சுப் பார்த்துக்குங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "தக்காளி பறிப்பு முடியட்டும்" என்றார் மதினி. நான் விடவில்லை. அங்கே சதைத் துணுக்கு எடுத்தார்கள், முடிவு வாங்க இன்னொரு நாள் போனோம். வெறும் அழற்சிதான். நிம்மதி, ஆனால் கூலி போனது போனதுதான்.

இந்த முறையில் இப்படித் தவறான பயமும் வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்.பி.வி. பரிசோதனையையே முதலில் செய்யச் சொன்னது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் அந்தப் பஞ்சுக் குச்சியும் இருந்தால், தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் சித்தி போக வேண்டியதே இல்லை. அப்புறம், திண்டுக்கல் போகச் சொல்லும் பெண்களுக்கு அன்றைய கூலியையும் அரசு கொடுக்க வேண்டும். மதினியோடு பறிப்புக்கு வரும் ஒருவருக்கும் இதே சீட்டு கொடுத்திருக்கிறார்கள், அவர் இன்னும் போகவில்லை. அடுத்த வாரம் தானே கூட்டிப்போவதாக மதினி போனில் சொன்னார்.