பஸ்கா விருந்துத் தொகுப்பு: தட்டை வாங்கலாம், கையேட்டைத் திருத்தி வாசியுங்கள்

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைத்து யூதர் கொண்டாடும் பஸ்கா விருந்தை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று செய்துகாட்ட விரும்பும் சபைகளுக்காக, மார்த்தாண்டத்தில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் விற்கும் தொகுப்பு இது. விலை 1,850 ரூபாய். ஆறு குழியுள்ள பித்தளைத் தட்டு, நான்கு கிண்ணம், மூன்று அறை வைத்துத் தைத்த துணிப்பை, ஒரு பாக்கெட் மாட்சா எனும் புளிப்பில்லா அப்பம், ஹார்ஸ்ராடிஷ் எனும் காரமான வேரின் பொடி, கொம்பு எக்காளம், தமிழ்க் கையேடு ஆகியவை இருக்கின்றன.

தட்டு நல்ல கனம். நடுவில் பஸ்கா என்று எபிரெயத்தில் பொறித்திருக்கிறார்கள். சில தட்டுகளில் எழுத்து வரிசை புரண்டு கிடக்கிறது. வலமிருந்து இடமாகப் போகும் மொழியைக் கணினியில் இடமிருந்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இரண்டு காலும் மேலே கட்டையுமாக வாசல்நிலை போலிருக்கும் எழுத்து இடது ஓரத்தில் இருக்க வேண்டும். கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

மாட்சா பாக்கெட்டைப் பிரித்தால், நம் கடற்காற்றுக்கு ஒரே நாளில் நமுத்துவிடும். வெறும் தோசைக்கல்லில் மூன்று நிமிடம் வாட்டி ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும். பாக்கெட் போதாவிட்டால் நாமே சுடலாம். 120 கிராம் கோதுமை மாவுக்கு 70 முதல் 80 மில்லி தண்ணீர். உப்பு, எண்ணெய் கூடாது. தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிப்பது யூத விதி. சப்பாத்தியைவிட மெல்லிதாகத் தேய்த்து, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் போடுங்கள். கனமாகத் தேய்த்தாலோ, கல் காயாவிட்டாலோ தோல்போல இழுக்கும். குத்த மறந்தால் பூரிபோல உப்பும்.

கசப்புக் கீரைக்குப் பதிலாக வைக்கும் ஹார்ஸ்ராடிஷ் பொடியைக் குளிர்ந்த நீரில்தான் குழைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் காரம் ஏறாது. பத்து நிமிடம் கழித்துச் சில துளி வினிகர் விட்டால் காரம் குறையாமல் நிற்கும். பிள்ளைகளுக்கு லெட்யூஸ் கீரையே போதும். கசப்புக் கீரைகளின் பட்டியலில், யூதரின் பழைய விதித் தொகுப்பான மிஷ்னா முதலில் சொல்வதும் அதைத்தான். திராட்சைச் சாறு ஒருவருக்கு நான்கு முறை 50 மில்லி என்று வைத்தால் 40 பேருக்கு 8 லிட்டர் வேண்டும்.

கையேட்டில்தான் பெரிய சிக்கல். இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவில் இந்த விருந்தை இதே வரிசையில் நடத்தினார் என்று எழுதியிருக்கிறார்கள். கி.பி. 70-ல் ஆலயம் இடிந்து ஆட்டுக்குட்டிப் பலி நின்றபின்தான் இந்த வரிசை இன்றைய உருவத்துக்கு வந்தது. நான்கு திராட்சரசப் பாத்திரங்களை விதியாகச் சொல்லும் மிஷ்னா சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்டது. லூக்கா 22-ல் வருவது இரண்டு பாத்திரம். யாத்திராகமம் 12:8 கேட்பது மூன்றே மூன்று: சுட்ட இறைச்சி, புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை. இன்று தட்டில் வைக்கும் முட்டையும் பழக்கலவையும் அதில் இல்லை. அறைக்கொரு அப்பமாக வைக்கும் துணிப்பையின் மூன்று அறைகள் திரித்துவம் என்பது, இயேசுவை மேசியாவாக ஏற்ற மேசியானிய யூதர்களின் விளக்கம். ஓய்வுநாளுக்கு மன்னா இரட்டிப்பாகக் கிடைத்ததை நினைத்து இரண்டு அப்பம், பிட்பதற்கு ஒன்று என்பதே யூத வீடுகளில் சொல்லும் காரணம். இரண்டையும் சபையில் சொல்லுங்கள். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்வது நேர்மையில்லை.

அமெரிக்காவில் 1915-ல் எபிரெயக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு என்று தொடங்கியது 1975-ல் மேசியானிய யூதக் கூட்டமைப்பு என்று பெயர் மாற்றிக்கொண்டது. இயேசுவை ஏற்றபின்னும் யூதராகவே வாழலாம் என்ற அந்த அலையில்தான் இப்படிப்பட்ட விளக்கங்கள் உலகெங்கும் போயின. இதையும் கையேட்டில் நாலு வரி எழுதியிருக்கலாம். நடுக்கால ஐரோப்பாவில் பெரும்பாலும் பஸ்கா நேரத்தில்தான், கிறிஸ்தவப் பிள்ளைகளை ரத்தத்துக்காகக் கொல்கிறார்கள் என்று யூதர்மேல் பொய்யாக ரத்தப்பழி சுமத்திக் கொன்றார்கள். இன்றும் உயிரோடிருக்கும் ஒரு ஜனத்தின் பண்டிகை இது. வேஷம் கட்டி நாடகமாக்காமல், மரியாதையோடு விளக்கிச் சொல்லுங்கள்.

இன்னொரு குறை: மார்த்தாண்டம், தக்கலை மறைமாவட்டங்களின் தோமா கிறிஸ்தவ வழக்கத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல் கிடையாது. பெரிய வியாழன் இரவில் பச்சரிசி மாவும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் அவித்து, குருத்தோலைச் சிலுவை வைத்த பெசகா அப்பத்தை வீட்டுப் பெரியவர் பிட்டுக் கொடுப்பார். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பால். மாட்சாவுக்கு யூத விதி ஏற்கும் கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களில் அரிசி சேராது என்பதால் இது மாட்சா ஆகாது. ஆனாலும் புளிப்பில்லா அப்பத்தின் நினைவு நம் அடுக்களையிலேயே இருக்கிறது. மாட்சாவுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துக் காட்டுங்கள். மாவை அரைத்ததும் அவித்துவிடுங்கள். கோடை வெக்கையில் சீக்கிரம் பொங்கிவிடும்.

கொம்பு எக்காளம் பஸ்காவுக்குரியதல்ல. லேவியராகமம் 23:24-ன் ஏழாம் மாதப் பண்டிகைக்கு எடுத்து வையுங்கள். பஸ்காவும் பெரிய வியாழனும் எப்போதும் ஒட்டியே வரும் என்று கையேடு சொல்வதையும் அடித்துவிடுங்கள். 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31. யூத நாட்காட்டியில் கூடுதல் மாதம் வந்ததால் பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது.