கம்பளி பேட்டர்னை வேறு நூலில் போடலாமா? காட்டன், அக்ரிலிக், சூப்பர்வாஷ் ஓர் ஒப்பீடு

நம் ஊர்க் கடையில் "உல்லன் நூல் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அக்ரிலிக் என்கிற செயற்கை நூல்தான். பெயரில் மட்டும் உல்லன், உள்ளே ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது. நாம் ஆசைப்பட்டு எடுக்கிற ஸ்வெட்டர் பேட்டர்ன்களோ பலவும் குளிர்நாட்டுக்காரர்கள் கம்பளியை மனதில் வைத்து எழுதியவை. ஆக, இங்கே ஊசி பிடிக்கிற எல்லாருமே தெரிந்தோ தெரியாமலோ நூலை மாற்றித்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். லேபிளில் தடிமனும் ஊசி எண்ணும் ஒத்துப்போனால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. இழுத்து விட்டால் நூல் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கம்பளி இழை பிறவியிலேயே நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கிக்கொள்ளும். ரிப், அதாவது வரிவரியாக விரிந்து சுருங்குகிற பின்னல், போட்ட கைமுனை மணிக்கட்டைக் கவ்வி நிற்பதும், தோள் பகுதி தொங்காமல் இருப்பதும் இந்தக் குணத்தால்தான். காட்டனில் அந்த ஸ்பிரிங் மிகக் குறைவு. என் அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே வரைக்கும் வருகிற ஒரு நீளக் கார்டிகனை (முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர்) காட்டனில் போட்டுக் கொடுத்தேன், பேட்டர்ன் கம்பளிக்கு எழுதியது. போட்டு முடித்த அன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நாலு முறை துவைத்த பிறகு முழங்காலைத் தொட்டது, கைமுனை ரிப் இரண்டும் விரிந்து தொங்கின. மூன்று மாத உழைப்பு அது, இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதற்கப்புறம்தான் சாம்பிள் போடுகிற விதத்தையே மாற்றினேன். கம்பளி, காட்டன், அக்ரிலிக் மூன்றிலும் டிகே என்கிற நடுத்தரத் தடிமனில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ.க்கு 22 ஸ்டிட்ச் வருகிற மாதிரி ஆளுக்கொரு 10 செ.மீ. சதுரம். துவைத்துக் காயவைத்து, மேல் விளிம்பைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டி, கீழ் விளிம்பில் இரண்டு ஸ்பூனைக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் ஸ்பூனை எடுத்துவிட்டு மத்தியானம் அளந்தால், கம்பளிச் சதுரம் பழைய அளவுக்கே வந்திருந்தது. அக்ரிலிக் கொஞ்சம் நீண்டிருந்தது. காட்டன் 11 செ.மீ.யைத் தாண்டியே நின்றது, திரும்பவே இல்லை.

காட்டனில் எடையும் ஒரு பிரச்சினை. ஒரு கன செ.மீ. கம்பளி இழை சுமார் 1.3 கிராம் என்றால் காட்டன் 1.5 கிராமுக்கு மேல். அதாவது ஒரே தடிமனுள்ள நூலாக இருந்தாலும் அதே 100 கிராமில் காட்டன் குறைந்த நீளமே வரும். 100 கிராமுக்கு 200 மீட்டர் வருகிற கம்பளியில் ஐந்து உருண்டை என்று பேட்டர்ன் சொல்கிறது, மொத்தம் 1000 மீட்டர். நீங்கள் வாங்கும் காட்டன் 100 கிராமுக்கு 170 மீட்டர் என்று வையுங்கள். அதிலும் ஐந்து வாங்கினால் 850 மீட்டர்தான், இரண்டாவது கை பாதியில் நின்றுவிடும். ஆறு வாங்க வேண்டும். கிராமைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். அப்படிச் சரியாக வாங்கிப் போட்டாலும் உடுப்பு ஏறக்குறைய 90 கிராம் கூடுதல் எடையோடு தோளிலிருந்து தொங்கும்.

அதனால் காட்டனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில்லாத டாப், குட்டையான சட்டை, குழந்தைக்கு வெயில்காலத் தொப்பி, இதற்கெல்லாம் நம் வெயிலுக்குக் காட்டனை அடிக்க ஆளில்லை. கம்பளிப் பேட்டர்னைத்தான் காட்டனில் போட்டாக வேண்டுமென்றால் ரிப்பை இரண்டு எண் சின்ன ஊசியில் போடுங்கள், நீளத்தைக் கொஞ்சம் குறையுங்கள், தோளிலும் பக்கவாட்டிலும் தையல் வருகிற பேட்டர்னாக எடுங்கள். அந்தத் தையல்தான் எடையைத் தாங்கும்.

அக்ரிலிக்கை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கம்பளி ஸ்வெட்டரின் உருவம் வேண்டுமென்றால் காட்டனைவிட அக்ரிலிக்தான் கிட்ட வருகிறது. எடை குறைவு, ரிப் ஓரளவு பிடிக்கும், துவைப்பது சுலபம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் நனைந்த மாதிரி தெரியாது, அக்ரிலிக் ஒன்றிரண்டு சதவீதம்கூட எடுப்பது கஷ்டம். ஊட்டிக் குளிரில் இது பெரிதாகத் தெரியாது, சென்னையில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று, கம்பளியை நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் அளவு படியும், அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது, ஆவிக்குத்தான் மசியும். அந்த ஆவியும் அதிகமானால் இழை செத்துத் துவண்டுவிடும், பிறகு எதைச் செய்தாலும் மீளாது. இஸ்திரிப் பெட்டியை மேலே தொடவிடாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆவி காட்டுங்கள், அதையும் முதலில் சாம்பிளில் செய்து பாருங்கள். சூடான பாத்திரம் பிடிக்கிற துணிக்கு மட்டும் அக்ரிலிக் கூடவே கூடாது, உருகும். அங்கே காட்டன்தான்.

சூப்பர்வாஷ் மெரினோவும் (மெரினோ ஆட்டின் மென்மையான ரோமம்) கம்பளிதானே, அதில் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். கம்பளி இழையின் மேல் செதில் இருக்கும். சூப்பர்வாஷில் அந்தச் செதிலைக் குளோரினால் அரித்து, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுக்கிறார்கள். மெஷினில் போட்டாலும் சுருங்கிக் கெட்டியாகாது, அதுதான் லாபம். நஷ்டம், இழைகள் ஒன்றையொன்று பற்றாது, நனைந்தால் உடுப்பு பெருத்துவிடும். 10 செ.மீ.க்கு 22 ஸ்டிட்ச் என்று போட்டது துவைத்த பின் 20 ஆனால், 198 ஸ்டிட்ச் உள்ள மார்புச் சுற்று 90 செ.மீ.யிலிருந்து 99 ஆகிவிடும். ஐஸ்லாந்தின் லோபபெய்ஸா, ஷெட்லாந்தின் ஃபேர் ஐல் ஸ்வெட்டர்கள் மாதிரி வட்டமாகப் போட்டு முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டித் திறக்கிற பேட்டர்ன் என்றால் செதிலோடு இருக்கிற சொரசொரப்பான கம்பளியே வேண்டும். சூப்பர்வாஷிலோ காட்டனிலோ வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டுகிற கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் தையல் மெஷினில் ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டிட்ச் உருவிக்கொண்டு ஓடும்.

மூங்கில் நூல் என்று விற்பதும் அநேகமாக விஸ்கோஸ்தான், அதாவது கூழாக்கித் திரும்ப இழையாக இழுத்தது. பளபளப்பு அழகு, ஆனால் காட்டனைப் போலவே கனம், நனைந்தால் பலம் குறையும். சால்வைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அல்பாகா என்கிற தென் அமெரிக்க விலங்கின் ரோமம் நல்ல சூடு, ஆனால் அதுவும் தொங்கும், தனியாகப் போடாமல் கம்பளி கலந்த நூலாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது என் ஊசியில் இருப்பது அக்காவுக்கே இன்னொரு கார்டிகன். பாதி காட்டன், பாதி அக்ரிலிக் கலந்த நூல், இடுப்போடு நிற்கிற நீளம். சாம்பிள் ஸ்பூனோடு ஒரு ராத்திரி தொங்கி, மறுநாள் பத்தேகால் செ.மீ.யில் நின்ற பிறகுதான் முதல் வரிசையைப் போட்டேன்.