பேங்க்ல எஃப்டி போடப் போற பெரியவங்க இதை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க

ரெண்டு வருஷமா இதை எழுதணும் எழுதணும்னு நினைச்சு, வெக்கமா இருந்ததால தள்ளிப் போட்டுட்டே வந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கவரோட வந்து நின்னப்பதான் இனி வெக்கப்பட்டுப் பிரயோஜனம் இல்லன்னு தோணுச்சு, அதான் எழுதிட்டேன்.

நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர்ட் ஆனவ. ஒரத்தநாடு பக்கம் முப்பத்தி ரெண்டு வருஷம் தடுப்பூசி பெட்டியைத் தூக்கிட்டு ஊர் ஊரா நடந்திருக்கேன். பென்ஷன் வருது, அதுல வீட்டுச் செலவு ஓடுது. ரிட்டயர்ட் ஆனப்ப வந்த காசுல 7 லட்சத்தை ஒரே பேங்க்ல எஃப்டியா போட்டிருந்தேன், அதுல 4 லட்சம் எங்க வீட்டுக்காரர் மூட்டு ஆபரேஷனுக்குன்னு தனியா வெச்சது. 2023 செப்டம்பர்ல அந்த 4 லட்சம் முடிஞ்சுது, திருப்பிப் போடலாம்னு பேங்க்குக்குப் போனேன்.

கவுன்டர்ல இருந்த பொண்ணு "அந்த டேபிள்ல கேளுங்கம்மா"ன்னு கை காட்டுச்சு. அங்க ஒரு தம்பி, என் பேரன் வயசுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எழுந்து நின்னு நாற்காலி போட்டுக் குடுத்தான், வெயில்ல வந்திருக்கீங்களேன்னு தண்ணி குடுத்தான், கால் வலி எப்படிம்மா இருக்குன்னு கேட்டான். உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு என்கூட அரை மணி நேரம் உக்காந்து பேசின ஆள் அவன் ஒருத்தன்தான். பொண்ணு ஓசூர்ல இருக்கா, வாரத்துல ரெண்டு போன். வீட்டுக்காரர் காது கொஞ்சம் மந்தம். பேச ஆள் கிடைச்சா மனசு இளகிடுது, அவங்களுக்கு அது தெரியும்.

அவன் முதல்ல பயத்தைத்தான் காட்டுனான். "அம்மா, ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும்தான் கவர்மென்ட் காப்பீடு, உங்களுக்கு 7 இருக்கே"ன்னான். இது பொய் இல்ல, 2020 பிப்ரவரியில இருந்து டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம்தான். உண்மையான ஒரு விஷயத்தை முன்னாடி வெச்சுட்டு, பின்னாடியே "இதுல போட்டா முழுசும் பாதுகாப்பு, சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல், அஞ்சு வருஷம், வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவை, இன்னைக்கு சாயந்தரத்தோட ஸ்கீம் முடியுது"ன்னான். அது பூராவும் பொய். எஃப்டிதானேப்பான்னு ரெண்டு தடவை கேட்டேன், அதை விட நல்லதும்மான்னான். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, நான்தான் அதைக் கவனிக்காம விட்டுட்டேன்.

ஃபாரத்துல எங்கெங்க கையெழுத்து போடணும்னு பென்சில்ல சின்னதா டிக் போட்டு வெச்சிருந்தான். எழுத வேண்டிய இடமெல்லாம் வெறுமனே இருந்துச்சு, நான் ஃபில்லப் பண்ணிக்கிறேம்மா உங்களுக்கு எதுக்கு சிரமம்னான். போன்ல ஓடிபி வந்தது, சொன்னேன். அப்புறம் ஒரு போன் வரும்மா, அவங்க என்ன கேட்டாலும் "ஆமா"ன்னு மட்டும் சொல்லுங்க, வேற எதாவது சொன்னா ஸ்கீம் கேன்சல் ஆயிடும்னான். போன் வந்தப்ப அவன் முன்னாடிதான் உக்காந்திருந்தேன், ஒவ்வொரு கேள்விக்கும் அவன் தலையை ஆட்ட ஆட்ட நான் ஆமா ஆமான்னு சொன்னேன். பக்கத்து டேபிள்ல பணம் எண்ற மெஷின் ஓடிட்டு இருந்ததுல போன்ல பேசின பொண்ணு வேகமா படிச்சது பாதி காதுலயே விழல.

டிசம்பர்ல வட்டி வரல. கேட்டா சிஸ்டம் அப்டேட்னான். மார்ச்சுல போனா அவன் வேற பிராஞ்சுக்கு மாறிட்டான். பாண்டு எங்கன்னு கேட்டதுக்கு சேஃபா இங்கயே இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சு, ரெண்டாவது வருஷ பிரீமியம் 4 லட்சம் கட்டணும்னு. பொண்ணுகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன், அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அம்மா அது எஃப்டி இல்லம்மா"ன்னா.

அது ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருஷா வருஷம் 4 லட்சம், ஏழு வருஷம் கட்டணும். பதினஞ்சு வருஷம் கழிச்சுதான் முதிர்வு. எடுத்தப்ப எனக்கு 66, கைக்குக் காசு வரும்போது 81 ஆகும். ஆபரேஷனுக்கு வெச்ச காசு!

பிராஞ்ச் மேனேஜர்கிட்ட போனா நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்கன்னார். காப்பீட்டு கம்பெனிக்கு எழுதினா, போன்ல எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லியிருக்கீங்க, திருப்பிக் குடுக்குற காலம் முடிஞ்சு போச்சுன்னு பதில் வந்துச்சு. பத்து நாள் சாப்பாடு இறங்கல. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டல, எனக்கு மூட்டெல்லாம் பரவாயில்லன்னாரு, திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

அப்புறம் பொண்ணு வந்து உக்காந்து, நான் கையெழுத்து போட்ட ஃபாரத்தோட காப்பி குடுங்கன்னு எழுதி வாங்குனா. அங்கதான் பிடி கிடைச்சது. தொழில்னு போட்ட இடத்துல வியாபாரம், வருஷ வருமானம் 18 லட்சம்னு எழுதியிருந்துச்சு. ஈமெயில்னு யாரோடதோ ஒண்ணு, நான் வாழ்க்கையில ஈமெயில் வெச்சுக்கிட்டதே இல்ல, பாலிசி அந்த ஈமெயிலுக்குத்தான் போயிருக்கு. குழந்தைக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி பேட்ச் நம்பரை ரெண்டு தடவை பார்த்து அட்டையில எழுதுன கை இது, வெத்து ஃபாரத்துல கையெழுத்து போட்டிருக்கேன்னு அன்னைக்கு அழுதேன்.

காப்பீட்டு குறைதீர்ப்பாளர்னு ஒரு ஆபீஸ் இருக்கு, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்னு சொல்வாங்க, நம்ம தமிழ்நாட்டுக்கு சென்னை தேனாம்பேட்டையில. பலருக்கு இது தெரியாது. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுக்கணும், அவங்க முடியாதுன்னாலோ ஒரு மாசம் பதிலே வரலைன்னாலோ இங்க போகலாம், கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எங்க விசாரணை வீடியோ காலிலதான் நடந்துச்சு. என் பென்ஷன் புக்கைக் கேமரா முன்னாடி பிடிச்சுக் காட்டி, இதுதான் சார் என் வருமானம்னேன். 2025 மார்ச்சுல 4 லட்சமும் திரும்ப வந்துச்சு. ஒன்றரை வருஷ வட்டி போனது போனதுதான்.

அந்தக் காசை நேரா போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போட்டேன். 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு 8,200 ரூபாய் கணக்குல வந்து விழுது, ஒருத்தருக்கு 30 லட்சம் வரைக்கும் போடலாம். ஆபரேஷன் தேதி குறிச்சதும் எடுத்துக்கலாம், ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா கொஞ்சம்தான் பிடிப்பாங்க.

நீங்க பேங்க்குக்குப் போனா "பிரீமியம்", "பாலிசி", "பிளான்" இந்த மூணுல எந்த வார்த்தை காதுல விழுந்தாலும் எந்திரிச்சு வந்துடுங்க. பேங்க்ல உக்காந்திருக்கவங்க எல்லாரும் டெபாசிட் வாங்க மட்டும் உக்காரல, காப்பீட்டு கம்பெனிக்கு ஏஜென்ட்டாவும் பேங்க் வேலை பார்க்குது, அதுல அவங்களுக்கு கமிஷன் இருக்கு. எஃப்டின்னா அன்னைக்கே ரசீது வாங்குங்க, அதுல டெபாசிட்னு போட்டிருக்கணும், வட்டி சதவீதம் இருக்கணும். வெரிஃபிகேஷன் போன் வந்தா அவங்க முன்னாடி உக்காந்து பேசாதீங்க, வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்னு சொல்லுங்க. பிள்ளைங்களே, உங்க அப்பா அம்மாகிட்ட எவ்வளவு இருக்குன்னு கேக்க வேண்டாம், இந்த மாசம் பேங்க்ல எதுலயாவது கையெழுத்து போட்டீங்களான்னு மட்டும் கேளுங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவர். எனக்கு நடந்த மாதிரியேதான் அவருக்கும், கையில ஒரு கவர், வேற கம்பெனி பேரு, எஃப்டி பேப்பர் வந்திருக்கு எங்க வைக்கணும்னு கேட்டுட்டு வந்தார். பிரிச்சதும் முதல் பக்கத்துலயே பிரீமியம்னு இருந்துச்சு. எனக்குக் கை நடுங்கிடுச்சு. கவர் எப்பண்ணே வந்துச்சுன்னு கேட்டேன், 19 நாள் ஆகுதுன்னார். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, சின்னப் பிடித்தம் போக காசைத் திருப்பித் தரணும், 2024 ஏப்ரல்ல இருந்து எல்லா ஆயுள் பாலிசிக்கும் அதுதான் விதி. அங்கயே திண்ணையில உக்காந்து லெட்டர் எழுதினோம், அன்னைக்கே கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பியாச்சு, பிராஞ்சுல ஒரு காப்பி குடுத்து சீல் வாங்கியாச்சு. போஸ்ட் ஆபீஸ் ரசீதை அண்ணன் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கார். காசு இன்னும் வரல, வந்ததும் இங்கயே சொல்றேன்.