லினக்ஸ்ல ஜிலிப்சி அப்டேட் கவுந்தா: இருக்குற ஃபைல இல்லங்குற அந்த மெசேஜ்

ஃப்ரெண்டு ஒருத்தன் லினக்ஸுக்கு மாறலாமா, அப்டேட் போட்டா உடையுமாமேன்னு கேட்டான், அதுக்குதான் இது. பல வருஷமா என் மெஷின்ல லினக்ஸ் ஒண்ணுதான் ஓடுது, வேகம், ரேம் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடுறேன்.

ஜிலிப்சிங்குறது லினக்ஸ்ல கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் நம்பியிருக்குற அடிப்படை லைப்ரரி. வெளி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) ஒண்ணுல இருந்து வந்த ஜிலிப்சி பேக்கேஜ், அதோட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் நடுவுலயே செத்துடுச்சு. அப்புறம் ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் கமாண்ட அடிச்சா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி", அதாவது அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். சிபி (காப்பி), எம்வி (நகர்த்த), சூடோ (அட்மின் உரிமையோட ஓட்ட) எல்லாத்துக்கும் அதே பதில். ஆனா எக்கோ போட்டு ஸ்டார் அடிச்சா, அது பாஷுக்குள்ளயே (நாம கமாண்ட் அடிக்குற ஷெல்) இருக்குறதால வேலை செஞ்சு ஃபைல் பேரெல்லாம் காட்டுது, கமாண்டுகள் இருக்குற "பின்" டைரக்டரில எல்எஸ் கல்லு மாதிரி உக்காந்திருக்கு! இருக்குற ஃபைல இல்லன்னு சொன்னா மனுஷன் எங்க போய் தேடுவான்?

விஷயம் என்னன்னா காணாம போனது எல்எஸ் இல்ல, அதை மெமரில ஏத்திவிடுற டைனமிக் லோடர். லிப்64 டைரக்டரில இருக்க வேண்டிய அதோட சிம்லிங்க் (நிஜ ஃபைல் எங்க இருக்குன்னு காட்டுற குறுக்குவழி) போயிடுச்சு, லினக்ஸோட மையமான கெர்னல் அதைத் தேடி கிடைக்கலன்னு ஒரு எரர் குடுக்குது, ஷெல் அதை எல்எஸ் தலையில கட்டிடுது. லைவ் யுஎஸ்பில பூட் பண்ணி சிஎச்ரூட் மூலமா உடைஞ்ச சிஸ்டத்துக்குள்ள போனாலும் "பின்" டைரக்டரில பாஷ் இல்லங்கும், அதை நம்பி பாஷ ரீஇன்ஸ்டால் பண்றேன்னு கிளம்புறவங்க எத்தனை பேரு. பாஷ் 5.2ல "ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்"னு மாத்திட்டாங்க, சரி, ஆனா எந்த ஃபைலுன்னு ஒரு வார்த்தை சேர்த்தா என்ன?

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏற்கனவே திறந்திருந்த ரூட் (அட்மின்) டெர்மினல் சாகல. ஏற்கனவே மெமரில ஏறுனது ஏறுனதுதான், அடியில என்ன உடைஞ்சாலும் அது பாட்டுக்கு ஓடுது. லோடர் ஃபைல் அதோட சொந்த இடத்துல பத்திரமா இருந்துச்சு, அதோட முழு பாத்த அடிச்சு பின்னாடி லிங்க் போடுற எல்என் கமாண்ட குடுத்தேன், லோடரே நேரடியா எல்என்ன ஓட்டி லிங்க திரும்ப போட்டுச்சு, அடுத்த நொடி எல்எஸ் வந்துடுச்சு. அந்த சந்தோஷத்த எழுத்துல சொல்ல முடியாது, சிஸ்டம் எவ்ளோ திறந்து வச்சிருக்காங்கன்னு அப்பதான் புரியும். அப்புறம் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டிபிகேஜில பாதில நின்னத கன்ஃபிகர் பண்ணி, டிஸ்ட்ரோவோட (நான் போட்டிருக்குற லினக்ஸ் வகையோட) சொந்த ஜிலிப்சிய மறுபடி இன்ஸ்டால் பண்ணேன், முடிஞ்சுது. பயந்து நடுவுல ரீபூட் மட்டும் பண்ணிடாதீங்க, பூட் ஆகும்போது முதல்ல ஓடுற இனிட்டும் அதே லோடர நம்பித்தான் இருக்கு, கெர்னல் பேனிக்தான் வரும், சிஸ்டம் அங்கயே நின்னுடும். பிசிபாக்ஸ் ஸ்டாட்டிக் பேக்கேஜ இப்பவே போட்டு வச்சுக்கோங்க, அதுக்கு வெளியில இருந்து ஜிலிப்சியும் வேணாம் லோடரும் வேணாம், எல்எஸ், சிபி, எம்வி எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு.

நான் லினக்ஸ விடமாட்டேன். ஆனா அந்த ஃப்ரெண்டுக்கு இப்போதைக்கு வேணாம்னுதான் சொல்லியிருக்கேன், அந்த மெசேஜ் மேல இன்னும் கோவம் தீரல.