இரவல் தரும் மின்சார அளவுப் பெட்டி: கரண்ட் பில் உண்மையில் குறையுமா?

பில் கட்டத் திணறும் குடும்பங்களுக்குச் சில நூலகங்களும் உள்ளூர் உதவி மையங்களும் ஒரு சின்னப் பெட்டியை இரவலாகக் கொடுக்கின்றன. பிளக்கில் செருகும் வாட் மீட்டர், ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர், அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் கருவி, தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், ஸ்டாப்வாட்ச், அளவு ஜக், ஒரு குறிப்புத் தாள் ஆகியவை பெரும்பாலும் உள்ளே இருக்கும். இரண்டு வாரத்துக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். மூன்று நாள்தான் என்றால் ஃப்ரிட்ஜையும் குளியலையும் மட்டும் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மற்றதற்கு நேரம் போதாது.

பெட்டியின் உயிர் வாட் மீட்டர். கைக்கு வந்ததும் முதல் வேலை, அதை ரீசெட் செய்வது. முன்பு வாங்கியவர் ஓட்டிய யூனிட்டும் அவர் போட்டு வைத்த கட்டணமும் அப்படியே இருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் உங்கள் ஃப்ரிட்ஜ் தலையில் அடுத்த வீட்டு ஹீட்டரின் கணக்கும் ஏறிவிடும். கட்டணத்தைப் பதியும்போது பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் போடாதீர்கள். படிப்படியாக ஏறும் கட்டணம் என்றால், உங்கள் வீடு கடைசியாகத் தொடும் படியின் விலையைப் போடுங்கள். மிச்சம் பிடிக்கும் யூனிட் அந்தப் படியிலிருந்துதான் கழியும். மாதா மாதம் வரும் நிலைக் கட்டணம், எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் குறையாது.

ஃப்ரிட்ஜில் வாட் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கம்ப்ரசர் ஓடும்போது ஒரு எண், நின்றதும் இரண்டு மூன்று வாட், பனி உருக்கும் ஹீட்டர் வேலை செய்தால் சில நூறு வாட் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க வேண்டியது மொத்த யூனிட்டையும் ஓடிய மணி நேரத்தையும்தான். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. 47 மணி நேரத்தில் 3.2 யூனிட் என்று காட்டினால், 3.2-ஐ 47-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்குங்கள். நாளுக்கு 1.63 யூனிட், மாதம் 49. கூடவே ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் தெர்மாமீட்டரை இரவு முழுக்க விடுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் முள் குதிக்கும், தண்ணீர் குதிக்காது. காலையில் 5 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 1 அல்லது 2 காட்டினால் தேவைக்கு மேல் குளிர்கிறது, குளிரை ஒரு படி குறைக்கலாம். ஃப்ரீசருக்கு மைனஸ் 18 போதும். குளிரும் போதவில்லை, கம்ப்ரசரும் நிற்பதில்லை என்றால் கதவு ரப்பரில் ஒரு தாள் துண்டைச் செருகிக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கேதான் காசு கசிகிறது. பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி அப்பியிருந்தாலும் இதே கதிதான். பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள்.

வாட் மீட்டரின் முதுகில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டை மாட்டினால் 17-ஐத் தாண்டும். பிளக் தொடச் சூடாக இருந்தாலோ பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொரு குறை, மலிவான மீட்டர்கள் ஒன்றிரண்டு வாட்டைச் சரியாகப் பிடிக்காது. டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் என்று ஸ்டாண்ட்பையில் (பயன்படுத்தாதபோதும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும் நிலையில்) இருப்பவற்றைத் தனித்தனியே அளக்காமல் ஒரு பலகையில் மாட்டி மொத்தமாக அளந்தால் எண் நம்பும்படி இருக்கும். 8 வாட் இடைவிடாமல் ஓடினால் வருடத்துக்கு 70 யூனிட். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களின் ஸ்டாண்ட்பையை 0.5 வாட்டுக்குள் கட்டிப்போட்டது. அந்த அளவில் வரும் சாதனத்தின் பிளக்கைத் தினமும் பிடுங்கினாலும் மாதத்துக்கு அரை யூனிட்கூட மிஞ்சாது.

சுவரோடு வயர் போட்ட கீசர், ஏசி, மோட்டார் எதையும் இந்த மீட்டரில் செருக முடியாது. ஸ்டாப்வாட்ச் அதற்குத்தான், ஆனால் குறிப்புத் தாள் இதைச் சொல்வதே அபூர்வம். வீட்டு மின்மீட்டரில் சிமிட்டும் சின்ன விளக்கின் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். 1000, 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். 36 லட்சத்தை மீட்டரில் எழுதிய சிமிட்டல் எண்ணாலும், ஒரு சிமிட்டலுக்கு ஆகும் வினாடியாலும் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 1600 சிமிட்டல் மீட்டரில் பத்துக்கு 15 வினாடி என்றால், ஒன்றுக்கு 1.5 வினாடி, அப்படியானால் 1500 வாட். கீசர் போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை அளந்து கழித்தால் கீசரின் கணக்கு தனியே வந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால், மறந்துபோன சாதனம் ஏதாவது ஓடலாம், வயரிங்கில் கசிவு இருக்கலாம், வேறொருவர் லைன் உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும், நீங்களே மின்மீட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். சில மீட்டர்களில் சுமை இல்லாதபோது விளக்கு நிலையாக எரியும், அது கோளாறு அல்ல.

இந்தப் பெட்டி தரும் மிகப் பெரிய பலன் ஒரு ஜக்கில் இருக்கிறது. ஷவருக்குக் கீழே அளவு ஜக்கைப் பிடித்துப் பத்து வினாடி எண்ணுங்கள். ஒன்றரை லிட்டர் நிரம்பினால் நிமிடத்துக்கு 9 லிட்டர். எட்டு நிமிடக் குளியலுக்கு 72 லிட்டர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும் (1000 வாட்-மணி ஒரு யூனிட்). 15-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 2.1 யூனிட் போகும். தண்ணீர் குறைவாக விடும் ஷவர் தலையை மாட்டி நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்கினால் 1.4 யூனிட். நான்கு பேர் தினமும் குளிக்கும் வீட்டில் மாதத்துக்கு 84 யூனிட் வித்தியாசம். இதோடு ஒப்பிடுங்கள்: 9 வாட் எல்இடி பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.35 யூனிட்தான். பில்லுக்குப் பயந்து பிள்ளைகளை மங்கல் வெளிச்சத்தில் படிக்கவைக்கும் வீடுகளுக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். தண்ணீர் தேக்கிவைக்கும் டாங்க் ஹீட்டரில் மட்டும் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பார்க்க அழகு, பயன் குறைவு. அது காட்டுவது சுவரின் மேற்பரப்புச் சூடு, அறைக் காற்றின் சூடு அல்ல. பளபளக்கும் சூடான பாத்திரத்தில் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும், அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அளக்க வேண்டும். அதைவிட அறையின் வெப்பம் காட்டும் கருவி மேல். வெயிலும் வெளிச்சுவரும் படாமல் நடு அறையில் அரை மணி நேரம் வையுங்கள். குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. அதற்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிப்பதை, அதுவும் முதியவரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில், யாரும் புத்திமதியாகச் சொல்லக்கூடாது.

பெட்டியை நீட்டிவிட்டு அனுப்பும் மையத்துக்கும், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசும் மையத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்ல ஆலோசகர் முதலில் பன்னிரண்டு மாத பில்களைக் கேட்பார். ரீடிங் நேரில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா என்று பார்ப்பார். உத்தேசம் என்றால் இன்றைய ரீடிங்கைத் தேதியோடு படம் எடுத்து மின் நிறுவனத்துக்கு அனுப்ப வைப்பார். நாளுக்கு மொத்தம் 2 யூனிட், அதில் 1.3 ஃப்ரிட்ஜுக்கு என்று வந்தால், "இன்னும் குறைங்க" என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்ல அவருக்கு மனம் வராது. குறைக்க அங்கே ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டியது கட்டணச் சலுகை, பாக்கியைத் தவணையில் கட்டும் ஏற்பாடு, பழைய ஃப்ரிட்ஜை மாற்ற உதவி. எழுதிவைத்த ஃப்ரிட்ஜ் கணக்கு அந்த விண்ணப்பத்தோடு இணைக்கும் சான்றாகும்.

திருப்பிக் கொடுக்கும் முன் எல்லா எண்களையும் படம் எடுத்துவிட்டு மீட்டரை ரீசெட் செய்யுங்கள். தெர்மாமீட்டர்களின் பேட்டரியைக் கழற்றி உறையில் போட்டு உள்ளேயே வையுங்கள். கழற்றாமல் விட்டால் அது கசிந்து, அடுத்த வீட்டுக்குப் பெட்டி பாதிதான் வேலை செய்யும்.